லோன்ஸ்டாரின் ‘அமேஸ்டு’ பாப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது எப்படி?

கேள்வி இதுதான்: “லோன்ஸ்டார் ஒரு கன்ட்ரி இசைக்குழு. அவர்கள் பாடிய ‘அமேஸ்டு’ என்ற காதல் பாட்டு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க பாப் பட்டியலிலும் முதலிடம் பிடித்திருக்கிறது. கன்ட்ரி வாசனையைத் துடைத்துவிட்டு பாப் பாட்டாக மாற்றியதால்தானே அது நடந்தது?”

இந்தப் பாட்டை நான் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். கிட்டாரில் திரும்பத் திரும்ப வாசித்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துடைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு துடைத்தாலும் போகாத ஒன்று அந்தப் பதிவில் இருந்தது. அது போகாமல் இருந்ததால்தான் பாட்டு நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ‘கன்ட்ரி’ என்ற சொல். அதை ‘நாட்டுப்புறப் பாட்டு’ என்று தமிழில் எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்று நடும்போது பாடுவதும் தாலாட்டும் ஒப்பாரியும் யார் கட்டியது என்று தெரியாமல் வாய்வழியாக வந்தவை. கன்ட்ரி அப்படிப்பட்டது இல்லை. அதன் வேர் கிராமத்தில் இருக்கிறது, தொழில் நகரத்தில் நடக்கிறது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் ‘மியூசிக் ரோ’ என்று ஒரு பகுதி உண்டு. பாடலாசிரியர்கள் காலையில் அலுவலகம் போவது போல அங்கே போய், இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார்கள். பாடப்போவது வேறொருவராக இருக்கும். கன்ட்ரிக்கென்று தனி வானொலி நிலையங்கள், தனிப் பட்டியல், தனி விருதுகள் எல்லாம் உண்டு. ஆகவே ஒரு கன்ட்ரி பாட்டு பாப் பக்கம் போகிறது என்றால், ஒரு தொழிலின் வேலியைத் தாண்டி இன்னொரு தொழிலின் தோட்டத்துக்குள் போகிறது என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிதாகப் புரியும்.

லோன்ஸ்டார் 1992-இல் நாஷ்வில்லில் உருவான குழு. ஐந்து பேரும் டெக்சஸ்காரர்கள். முதலில் வைத்த பெயர் ‘டெக்சஸி’, அதாவது டெக்சஸும் டென்னசியும் சேர்ந்தது. பிறகுதான் டெக்சஸ் கொடியில் இருக்கும் ஒற்றை நட்சத்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1996-இல் ‘நோ நியூஸ்’ என்ற பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது. அது துள்ளலான, சிரிக்கவைக்கிற பாட்டு. காதல் பாட்டுக்குப் பெயர்போன குழுவாக அவர்கள் அப்போது இல்லை.

குழுவில் பாடியவர்கள் இரண்டு பேர்: லப்பக் நகரில் பிறந்த ரிச்சி மெக்டொனால்ட், பாஸ் கிட்டார் வாசித்த ஜான் ரிச். 1998-இல் ஜான் ரிச் விலகினார் (பின்னாளில் ‘பிக் அண்ட் ரிச்’ இரட்டையரில் ஒருவராக வந்தவர் இவர்தான்). அதற்குப் பிறகு பாடுவதெல்லாம் மெக்டொனால்டின் பொறுப்பானது. 1999-இல் வந்த ‘லோன்லி கிரில்’ ஆல்பம் ஒரே குரலைச் சுற்றிக் கட்டப்பட்டது. அதைத் தயாரித்தவர் டான் ஹஃப். இவர் நாஷ்வில்லில் வளர்ந்தவர், ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் பாப், ராக் பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்துப் பெயர் எடுத்தவர். ‘ஜயன்ட்’ என்ற ராக் குழுவில் பாடியவரும்கூட. மெல்ல ஆரம்பித்துப் பல்லவியில் மொத்த வாத்தியமும் அலையாக எழும்புகிற ராக் பாணிக் காதல் பாட்டை எப்படி அமைப்பது என்று அவருக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். ‘அமேஸ்டு’ பாட்டில் கேட்பது அந்தக் கட்டுமானம்தான். ஆக, பாப்பின் எலும்பு முதல் நாளிலிருந்தே அதற்குள் இருந்தது. யாரும் பின்னால் கொண்டுவந்து வைக்கவில்லை.

பாட்டை எழுதியவர்கள் மார்வ் கிரீன், ஏமி மேயோ, கிறிஸ் லிண்ட்சி என்ற மூவர். எழுதிய காலத்தில் மேயோவும் லிண்ட்சியும் புதிதாகக் காதலிக்கத் தொடங்கியிருந்தார்கள், பிறகு திருமணம் செய்துகொண்டார்கள். தெரியாமல் கேட்டாலும் பாட்டில் அது தெரிகிறது. ஒரு பார்வை, ஒரு தொடுகை, இருட்டில் கேட்கும் கிசுகிசுப்பு, முகத்தைச் சுற்றிப் படரும் கூந்தல் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. பிரிவு இல்லை, ஊடல் இல்லை, கதை என்றே ஒன்று இல்லை. ஒருவர் இன்னொருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்து மலைத்துப்போகிறார், அவ்வளவுதான்.

இதில் என்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். கன்ட்ரி பாட்டில் வழக்கமாக ஓர் ஊர்ப் பெயர் வரும், ஒரு மண் சாலை வரும், அப்பாவின் பழைய வண்டி வரும், மதுக்கடை வரும், ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வரும். இந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்குப் பெயர் இல்லை, இடம் இல்லை, காலம் இல்லை. டெக்சஸ் மணமேடையிலும் பாடலாம், மணிலாவிலும் பாடலாம். அமெரிக்கத் திருமணங்களில் மணமக்கள் முதல்முறையாகச் சேர்ந்து ஆடுகிற அந்த ஒரு பாட்டு இருக்கிறதே, அதற்கு இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏராளம். ஊரைச் சொல்லாத காதல் பாட்டுக்குப் பயணம் எளிது. இது இந்தப் பாட்டின் பலம். இதில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பட்டியல் விஷயம். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

சிங்கிள், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து வெளியிடும் பாட்டு, வெளியானது 1999 மார்ச்சில். கன்ட்ரி வானொலியில் ஒரு பாட்டு மேலே ஏற மாதக்கணக்கில் ஆகும். நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும், நள்ளிரவில் போட்டுப் பார்க்கும், நேயர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு பகலுக்குக் கொண்டுவரும். ஜூலையில் அது கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. வந்து எட்டு வாரம் நகரவில்லை. அந்தக் காலக் கன்ட்ரி பட்டியலில் ஒரு பாட்டு இரண்டு மூன்று வாரம் முதலிடத்தில் நின்றாலே பெரிய விஷயம். இந்த எட்டு வாரமும் பாடியது மூல வடிவம்தான், பாப் வானொலிக்கென்று மாற்றியது அல்ல.

அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ என்ற பாப் பட்டியலில் அது முதலிடம் தொட்டது 2000 மார்ச்சில். வெளியாகிக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து. இரண்டு வாரம் அங்கே இருந்தது, பிறகு டெஸ்டினிஸ் சைல்டு குழுவின் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் ஒரு கன்ட்ரி பாட்டு அங்கே நின்றது 1983-இல், கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடிய ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’. இடையில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் கன்ட்ரியில் நல்ல பாட்டே வரவில்லையா? வந்தது, வெள்ளமாக வந்தது. கார்த் புரூக்ஸ் 1990-களில் கோடிக்கணக்கில் ஆல்பம் விற்றார். ஆனாலும் ஹாட் 100-இல் அவர் பெயர் ஏறக்குறைய இல்லை.

காரணம் விதிமுறை. அன்று ஹாட் 100-இல் ஒரு பாட்டு வரவேண்டும் என்றால் அது தனி சிங்கிளாகக் கடையில் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். ஆல்பத்தை விற்பதற்காக நிறுவனங்கள் பல பாட்டுகளைத் தனியாக விற்காமலே வைத்திருந்தன. வானொலியில் எத்தனை தடவை ஒலித்தாலும் அவை கணக்கில் வராது. கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1998 டிசம்பரில் பில்போர்டு இந்த இரண்டையும் மாற்றியது. தனியாக விற்காத பாட்டும் வரலாம், கன்ட்ரி உட்படப் பல வகை நிலையங்களின் ஒலிபரப்பும் எண்ணப்படும் என்றானது. ‘அமேஸ்டு’ வெளியானது அதற்கு மூன்று மாதம் கழித்து. பாட்டு நல்ல பாட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதே பாட்டு 1995-இல் வந்திருந்தால், அதே மக்கள் அதே அளவு விரும்பியிருந்தாலும், பட்டியல் அதைப் பார்த்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழியை வெட்டியவர்கள் பெண்கள். லியான் ரைம்ஸின் ‘ஹவ் டு ஐ லிவ்’ 69 வாரம் ஹாட் 100-இல் இருந்தது. ஷனாயா ட்வைனின் ‘யூ ஆர் ஸ்டில் தி ஒன்’ 1998-இல் ஒன்பது வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. இரண்டுமே இரண்டாம் இடம் வரை போயின, முதலிடம் கிடைக்கவில்லை. பாப் நிலையத்து நிகழ்ச்சி நிர்வாகிகளுக்குக் கன்ட்ரி பாட்டைப் போட்டால் நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள் என்று இருந்த பயத்தைப் போக்கியது இந்தப் பாட்டுகள். லோன்ஸ்டார் உள்ளே போனபோது கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. முதலிடக் கணக்கை மட்டும் பார்த்து எழுதப்படும் வரலாறுகளில் இந்தப் பெண்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, துடைத்த விஷயத்துக்கு வருவோம். பாப் நிலையங்களுக்காகப் பாட்டுக்கு வேறொரு கலவை செய்தார்கள். அந்தக் காலத்தில் இது நடைமுறை. ட்வைனின் ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பத்தையே வெளிநாட்டுக்கென்று மறுபடி கலந்து, பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் எடுத்துவிட்டு வெளியிட்டார்கள். ஒரு பதிவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித் தடத்தில் இருக்கும். தணிக்க வேண்டியதைத் தணிக்கலாம், மூடலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். பாப்புக்காகக் கலக்கும்போது முதலில் கை வைப்பது பெரும்பாலும் பெடல் ஸ்டீல் கிட்டாரில்தான்.

ஏன் அதில்? அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அது கால் வைத்த மேசை மாதிரி இருக்கும். வாசிப்பவர் அதன்முன் உட்கார்ந்திருப்பார். வழக்கமாகப் பத்துத் தந்தி. இடது கையில் ஓர் உருண்ட இரும்புத் துண்டு, அதைத் தந்திமேல் வைத்து வழுக்கியபடியே வாசிப்பது. நம் கோட்டுவாத்தியத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், மெட்டுக் கட்டை இல்லை, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே சுவர் இல்லை. வித்தியாசம் காலில் இருக்கிறது. மிதியை அழுத்தினாலோ முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினாலோ குறிப்பிட்ட ஒன்றிரண்டு தந்தி மட்டும் இழுபட்டோ தளர்ந்தோ ஸ்வரம் மாறும், மற்றவை அசையாமல் நிற்கும். மூன்று பேர் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், அந்த ஒலி. அமெரிக்கக் காதில் அது விழுந்த அரை நொடியில் ‘இது கன்ட்ரி’ என்று தெரிந்துவிடும். அதனால்தான் அதை முதலில் அடக்குகிறார்கள்.

ஆனால் குரல்? குரலை அடக்க முடியாது. மெக்டொனால்டின் குரலில் டெக்சஸ் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு மாநிலப் பேச்சில் ‘ஐ’ ஒலி முழுசாக முடியாது, பாதியில் ‘ஆ’ பக்கம் சாய்ந்து நின்றுவிடும். இந்தப் பாட்டின் முதல் வரிகளிலேயே ‘ஐஸ்’ வருகிறது, ‘இன்சைட்’ வருகிறது, ‘ஐ’ வருகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த மூன்று சொற்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள். வாத்தியங்களில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தச் சாய்வு அங்கேயே இருக்கும். சரணத்தை ஏறக்குறையப் பேசுகிற மாதிரி பாடிக்கொண்டு வந்து, பல்லவியில் முழுத் தொண்டையைத் திறக்கிறார். திறக்கும்போதும் அலங்காரச் சங்கதி எதுவும் போடுவதில்லை. அன்றைய பாப் பாடகர்கள் ஒரே அசையில் ஏழெட்டு ஸ்வரத்தை உருட்டிக்கொண்டிருந்த காலம் அது. நேராகப் பாடுகிற, கொஞ்சம் ஊர் வாசனை அடிக்கிற ஓர் ஆண் குரல், தன் காதலியைப் பார்த்து மலைத்துப்போனதாகச் சொன்னால் நம்பத் தோன்றுகிறது. பாய்ஸ் டு மென் குழு 2009-இல் இதைத் தங்கள் பாணியில் பாடினார்கள். கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த நம்பகம் எனக்கு அதில் கிடைக்கவில்லை.

இந்த மாதிரி தாண்டல் புதிதும் இல்லை. 1950-களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரியின் சந்தையைச் சாப்பிட்டபோது, செட் ஆட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் கிராமத்துப் பாணியில் தனியாக வாசிக்கும் பிடிலை ஓரம் கட்டிவிட்டு, பலர் சேர்ந்து வாசிக்கும் வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குழுப் பாடலையும் கொண்டுவந்தார்கள். ‘நாஷ்வில் சவுண்டு’ என்றால் என்ன என்று கேட்டபோது ஆட்கின்ஸ் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். அந்த ஒலியில் வந்தவர்தான் ஜிம் ரீவ்ஸ். அவருடைய ‘ஹி வில் ஹேவ் டு கோ’ 1960-இல் பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இலங்கையிலும் இந்தியாவிலும் அவருக்கு எவ்வளவு ரசிகர்கள் இருந்தார்கள் என்பது பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அவரைக் கன்ட்ரி பாடகர் என்று தெரிந்துகொள்ளாமலே விரும்பியவர்கள் பலர். தாண்டுவது என்றால் அதுதான்.

நாஷ்வில்லுக்குள் இதை எல்லோரும் கொண்டாடவில்லை. 1975-இல் கன்ட்ரி இசைச் சங்க விருது விழாவில், ஆண்டின் சிறந்த கலைஞர் ஜான் டென்வர் என்று அறிவிக்க வேண்டிய சார்லி ரிச், பெயர் எழுதிய தாளை மேடையிலேயே லைட்டரால் கொளுத்தினார். டென்வரை பாப் ஆள் என்று பலர் கருதிய சமயம். இத்தனைக்கும் ரிச்சே இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாப் பட்டியலில் முதலிடம் போனவர். 2000-இலும் அதே கோபம் வந்தது. ‘அமேஸ்டு’ உச்சியில் இருந்த அதே வசந்தத்தில், ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆலன் ஜாக்சனும் சேர்ந்து ‘மர்டர் ஆன் மியூசிக் ரோ’ பாடினார்கள். நாஷ்வில்லில் கன்ட்ரியைக் கொன்றுவிட்டார்கள், இனி ஸ்டீல் கிட்டாருக்கு இடமில்லை என்று புலம்புகிற பாட்டு. கன்ட்ரி இசைச் சங்கம் அடுத்த ஆண்டு அதற்குச் சிறந்த பாடல் விருது கொடுத்தது.

அந்தப் புலம்பலில் எனக்குப் பாதி உடன்பாடு. ‘அமேஸ்டு’ யாரையும் கொல்லவில்லை. இரண்டு பேர் காதலித்த காலத்தில் எழுதிய பாட்டு, அது உண்மையானது. ஆனால் அது ஜெயித்த விதத்தைப் பார்த்த நிறுவனங்கள் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டன. ஊர்ப் பெயர் இல்லாத, இடம் இல்லாத, யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பாடக்கூடிய மெதுவான காதல் பாட்டுகளை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் சொன்ன குறை இதுதான்: இடத்தை விட்டுவிட்டு எழுதுவது ஒரு பாட்டில் அழகு, நூறு பாட்டில் வறட்சி. கன்ட்ரி பாட்டில் ஒரு சின்ன விவரம் வந்து நெஞ்சைக் கிள்ளும் இல்லையா, அது அந்த வருஷங்களில் குறைந்துபோனது.

லோன்ஸ்டாருக்கும் அந்தத் தாண்டல் மறுபடி அமையவில்லை. அவர்களுடைய ‘ஐ ஆம் ஆல்ரெடி தேர்’ 2001-இல் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. வெளியூர் விடுதி அறையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் அப்பாவின் பாட்டு. போர்முனைக்குப் போன சிப்பாய்களின் குடும்பங்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன. என்னைக் கேட்டால் ‘அமேஸ்டு’ பாட்டைவிட அது ஆழமானது. பாப் பட்டியலில் அது அந்த உயரத்துக்குப் போகவில்லை. அதே குழு, அதே குரல், அதே தயாரிப்பாளர். வானொலி, விதிமுறை, காலம் மூன்றும் ஒரே சமயத்தில் ஒத்துவருவது எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பின்னாளில் அப்படி ஒத்துவந்தவர்களில் லேடி ஆன்டபெல்லம் என்ற கன்ட்ரி குழுவும் உண்டு. 2009-இல் வந்த ‘நீட் யூ நவ்’ அடுத்த ஆண்டு ஹாட் 100-இல் இரண்டாம் இடம் போனது, 2011 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த பதிவு இரண்டையும் வாங்கியது. அதில் நள்ளிரவு ஒன்றேகால் மணி என்று நேரமே சொல்லப்படுகிறது, குடித்திருப்பதை ஒத்துக்கொள்கிறார்கள். கன்ட்ரிக்காரர்களுக்கே உரிய விவரம் அது. அதை எடுக்காமலே பாட்டு தாண்டியது.

எதைக் கேட்பது என்று யோசித்தால், முதலில் ‘லோன்லி கிரில்’ ஆல்பத்தில் இருக்கும் மூலப் பதிவைக் கேளுங்கள். உடனே பாப் கலவையையும் கேளுங்கள். இரண்டிலும் முதல் சரணத்தில் வரும் அந்த ‘ஐஸ்’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.